மதுவும் மதிப்பும்: கெடாத் தோட்டங்களில் ஸ்காட்ச் விஸ்கி

சுவை வேறு, மதிப்பு வேறு. நாவும் மூக்கும் அறிவது சுவை. ஊரார் கூடி வழங்குவது மதிப்பு. இவை இரண்டும் ஒரே கிண்ணத்தில் கலந்து வரும்போது, குடிப்பவன் எதைக் குடிக்கிறான் என்பதை அவனே அறிவதில்லை. மலேசியத் தமிழர் வாழ்வில் இக்குழப்பம் தெளிவாகக் காணப்படும் இடம் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களும், அவற்றை அடுத்து வளர்ந்த சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் முதலிய ஊர்களுமாகும். அங்கே ஸ்காட்லாந்து நாட்டுக் கலவை விஸ்கி பெற்ற மதிப்பைக் கள் ஒருநாளும் பெற்றதில்லை. கள் பெற்ற இகழ்ச்சி விஸ்கியை ஒருநாளும் தீண்டியதில்லை. இரண்டிலும் மயக்கும் பொருள் ஒன்றே. அவ்வாறிருக்க, ஒன்று கண்ணாடி அலமாரியில் ஏறியதற்கும், மற்றொன்று லயத்துக்கு அப்பால் ஒதுக்கப்பட்டதற்கும் சுவைதான் காரணமா? இவ்வினாவை எழுப்பாமல் விஸ்கியைப் புகழ்வது விளம்பரமாகிவிடும். எழுப்பாமல் பழிப்பது மேடைப் பேச்சாகிவிடும்.

கலவை விஸ்கி என்பது யாது? பலர் எண்ணுவதுபோல் அது ஒரே வடிசாலையில் பிறந்த ஒரே சரக்கன்று. முளைகட்டிய வாற்கோதுமையை நொதிக்கவைத்துச் செம்புக் கொப்பரையில் இருமுறை காய்ச்சி வடிப்பது ஒரு வகை. அதற்கு மால்ட் விஸ்கி என்று பெயர். மணமும் கனமும் மிக்க அது, பழகாத நாவுக்குச் சற்று முரடாகத் தோன்றும். மக்காச்சோளம், கோதுமை முதலிய தானியங்களிலிருந்து, தூண்போல் உயர்ந்த வடிகலத்தில் இடைவிடாது வடித்தெடுப்பது மற்றொரு வகை. இந்த வடிகலத்துக்கு 1830ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர் ஈனியஸ் காஃபி என்னும் அயர்லாந்துத் தீர்வை அதிகாரி. அதில் விளையும் சரக்கு மென்மையானது, மலிவானது, மணம் குறைந்தது. இவ்விரு வகையையும் ஓக் மரப் பீப்பாய்களில் பல்லாண்டு கிடத்தி, பின்னர் அளவறிந்து சேர்ப்பதே கலவை. புட்டியின்மேல் 12 ஆண்டு என்று அச்சிட்டிருந்தால், அதனுள் சேர்ந்த சரக்குகளுள் மிக இளையதற்கு வயது 12 என்பது பொருள். சராசரி வயது என்று கொள்வது பிழை.

இக்கலையைத் தோற்றுவித்தவர்கள் சாராயம் காய்ச்சியவர்கள் அல்லர், மளிகைக் கடைக்காரர்கள் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். ஜான் வாக்கர் 1820இல் கில்மார்னாக் என்னும் ஊரில் மளிகைக் கடை வைத்தவர். ஜார்ஜ் பாலண்டைன் 1827இல் எடின்பரோவில் கடை திறந்தவர். சிவாஸ் சகோதரர்கள் அபர்டீன் நகரத்து மளிகையாளர்கள். அக்காலத்து மளிகைக் கடையில் தேயிலை வெவ்வேறு பெட்டிகளில் வெவ்வேறு குணத்தோடு வந்து இறங்கும். வாடிக்கையாளருக்கு மாதந்தோறும் ஒரே சுவை கிடைக்கவேண்டுமாயின் கடைக்காரர் கலந்துதான் ஆகவேண்டும். அதே அறிவு பீப்பாய்க்கும் சென்றது. 1853இல் எடின்பரோவின் ஆண்ட்ரூ அஷர் மால்ட் சரக்குகளைக் கலந்து விற்றார். 1860ஆம் ஆண்டுச் சட்டம், தீர்வை கட்டுமுன்பே மால்ட்டையும் தானியச் சரக்கையும் கிடங்கில் வைத்துக் கலக்க இடம் தந்தது. அதன்பின் பிரெஞ்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை ஒருவகைப் பூச்சி அழித்தது, பிராந்தி அரிதாயிற்று, அந்த இடத்தில் விஸ்கி வந்து அமர்ந்தது. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்தென்று பிராந்தி கொடுக்கும் வழக்கம் பின்னும் நெடுநாள் நீடித்தது. வீட்டுக்குள் பெண்கள் கைக்கு வந்தது பிராந்தி. விஸ்கி எந்நாளும் முன்கூடத்துப் பொருளாகவே இருந்தது.

1909ஆம் ஆண்டை இங்கே சிறிது நிறுத்திப் பார்த்தல் தகும். கலவைச் சரக்கை விஸ்கி என்று சொல்லலாமா என்பது அன்று பெரும் வழக்கு. லண்டனில் இஸ்லிங்டன் நகராட்சி சில மதுக்கடைக்காரர்கள்மேல், 'நீங்கள் விற்பது விஸ்கியே அன்று' என்று வழக்குத் தொடுத்தது. அதன் விளைவாக அரசு விசாரணைக் குழு ஒன்று அமைந்து, 1909இல் தன் அறிக்கையை முடித்து, கலவையும் விஸ்கியே என்று தீர்ப்புரைத்தது. அதே ஆண்டில் வாக்கர் குடும்பத்தார் தங்கள் பழைய சரக்குகளுக்குச் சிவப்பு லேபில், கறுப்பு லேபில் என்று பெயர் சூட்டினர். அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாங்காக்கில் கையெழுத்தான உடன்படிக்கையால், கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு மாறியது. மூன்று நிகழ்ச்சிகளும் ஒன்றுக்கொன்று காரணமல்ல. ஆயினும், ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த அந்நாளில் கெடாக் காட்டை வெட்டித் தோட்டம் போட வந்த துரைமாரின் பெட்டிகளில், சட்டம் புதிதாக ஒப்புக்கொண்ட பானமும் கூடவே வந்தது. ஹார்வர்ட், டப்ளின், ஹென்றியட்டா, விக்டோரியா என்று தோட்டங்கள் தாங்கிய பெயர்களும் புட்டிகளின் பெயர்களும் ஒரே நாட்டு நாவில் பிறந்தவை. கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்த தமிழனுக்கு இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தன.

இனிச் சுவையைக் காண்போர் முதலில் சந்திக்கும் இடையூறு, சுவையைச் சொல்லும் மொழியே. கறுப்பு லேபில் போன்ற ஒரு கலவையைப் பற்றி ஆங்கிலேயர் எழுதும்போது, மலைப்புதரின் பூ, கிறிஸ்துமஸ் அப்பம், தோட்டத்து ஆப்பிள், கடலோரத்து நெருப்பு என்று தம் நாட்டுப் பொருள்களை அடுக்குவர். அஃது அவர்களுக்கு நேர்மையான மொழி. அவர்கள் அம்மணங்களிடையே பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் அம்மொழியை அப்படியே வாங்கிச் சொல்லும் சுங்கைப்பட்டாணித் தமிழர், தாம் ஒருநாளும் முகராத பூவை முகர்ந்ததாகச் சொல்லிக்கொள்கிறார். இரவல் நகை அணிந்து திருமணத்துக்குச் செல்வதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

உண்மையில் இந்த விஸ்கியைச் சுவைத்துச் சொல்லக் கெடாத் தோட்டத்துத் தமிழரைவிடத் தகுதியானவர் அரியர். முதலில் அதன் புகையை எடுத்துக்கொள்க. ஸ்காட்லாந்தின் சில பகுதிகளில், சிறப்பாக ஐலா தீவில், வாற்கோதுமையைப் பீட் என்னும் மக்கிய நிலக்கட்டியை எரித்து உலர்த்துவர். அப்புகையில் உள்ள பீனால் வகைப் பொருள்கள் தானியத்தில் படிந்து, வடித்த பின்னும் நீங்காமல் நிற்கின்றன. கறுப்பு லேபிலின் அடியில் மெல்ல எழும் புகைக்கு ஐலாவின் கல் ஈலா வடிசாலைச் சரக்கு ஒரு காரணம். ரப்பர்த் தோட்டத்தில் நிகழ்ந்ததும் இதுவே அன்றோ? பாலை உறையவைத்து, உருளையில் பிழிந்து, தாளாக்கி, புகைக்கொட்டகையில் விறகுப் புகை காட்டிப் பல நாள் தொங்கவிடுவர். அப்புகையின் பீனால்களே ரப்பர்த் தாளைப் பூஞ்சையிலிருந்து காத்தன. குவயகோல் என்று வேதியியலார் பெயரிடும் பொருள் விறகுப் புகையிலும் உண்டு, பீட் புகையிலும் உண்டு. கொட்டகையைத் திறந்ததும் முகத்தில் அறையும் இனிப்புக் கலந்த கருகல் மணத்தை நாள்தோறும் முகர்ந்தவருக்கு, ஐலாவின் புகை அந்நியமன்று. 'புகைக்கொட்டகை வாசம்' என்று அவர் சொன்னால், எந்த ஆங்கில நூலும் அதைவிடச் செம்மையாகச் சொல்லிவிடப் போவதில்லை.

இரண்டாவது தென்னை. அமெரிக்க ஓக் பீப்பாயில் கிடந்த விஸ்கி, மரத்திலிருந்து வெனிலின் என்னும் பொருளையும், லாக்டோன் என்னும் வகைப் பொருளையும் பெறுகிறது. பின்னதன் மணம் தேங்காய் மணமேயாம். துருவிய தேங்காயைச் சற்றே வறுக்கும்போது எழும் மணத்தை நினைவிற் கொள்ளலாம். மூன்றாவது பழம். நொதித்தலின்போது பிறக்கும் எஸ்தர் என்னும் பொருள்களுள் ஒன்று கனிந்த வாழையின் மணம் உடையது. ஷெரி என்னும் திராட்சை மது வகைக்குப் பழகிய பீப்பாயிலிருந்து வருவது உலர்திராட்சையும், பாகு முறுகும் மணமும். ஆக, புகைக்கொட்டகை, தேங்காய், வாழை, உலர்திராட்சை, முறுகிய பாகு என்னும் ஐந்தும் ஒரு நல்ல கலவையில் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்பதே அதன் சிறப்பு. இதில் எந்த ஒன்றும் தமிழருக்குப் புதிதன்று. புதிதென்று அவரை நம்பவைத்தது மொழி.

கலவையின் குணத்தை நடுநிலையோடு சொன்னால், அதன் முதற்பெருமை ஒருமை. சென்ற ஆண்டு வாங்கிய புட்டிக்கும் இவ்வாண்டு வாங்கியதற்கும் வேறுபாடு தெரியாமல் செய்வது, மாறிக்கொண்டேயிருக்கும் பல பீப்பாய்களை வைத்துக்கொண்டு செய்யும் அரிய செயல். கலவையாளர் இதனைப் பெரும்பாலும் மூக்கினாலேயே செய்கிறார்; சரக்கில் நீர் கலந்து, சாராய வலிமையை ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு இறக்கி, குளிரூட்டாமல் முகர்கிறார். நீர் ஏன் மணத்தை விரிக்கிறது என்பதற்கு, 2017இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பியோர்ன் கார்ல்சன், ரான் ஃபிரீட்மன் இருவரும் கணினி மாதிரியால் ஒரு விளக்கம் தந்தனர். சாராய அளவு குறையும்போது குவயகோல் திரவத்தின் மேற்பரப்புக்கு வந்து திரள்கிறது என்பது அவர்கள் கண்டது.

குறைகளும் உண்டு. எல்லாருக்கும் பிடிக்கவேண்டும் என்று முனைகளையெல்லாம் தேய்த்துவிடுவதால், சில கலவைகள் நல்ல பிள்ளையாய் வந்து சுவடின்றிப் போய்விடுகின்றன. நிறத்தை ஒரே சீராக்கக் கருகிய சர்க்கரைச் சாயம் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே 'கறுத்த பொன்னிறம்' கண்டு வயதை மெச்சுவது ஏமாற்றம். விலை ஏறுமளவுக்குச் சுவை ஏறுவதுமில்லை. கறுப்பு லேபிலுக்கு மேலே பன்மடங்கு விலையில் நிற்கும் நீல லேபிலில் வயதே அச்சிடப்படுவதில்லை. அது வழவழப்பானது, மணம் அடங்கியது. ஆனால் கறுப்பு லேபிலின் புகைக்கும் இனிப்புக்கும் இடையே நடக்கும் சிறு பூசல் அதில் இல்லை. அப்பூசலே குடிப்பவரைக் கிண்ணத்தின்பால் மீண்டும் அழைப்பது. மிகுந்த விலை கொடுப்பவர் வாங்குவது அமைதி. அதனைச் சுவை என்று அவர் கருதுவாராயின் அது அவர் பணம்.

இத்தகைய பானத்தைத் துரைமார் எவ்வாறு குடித்தனர்? ஸ்தெங்கா என்பது அவர்கள் வழக்குச் சொல். பாதி என்று பொருள்படும் 'செத்தெங்கா' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு அது. பாதி விஸ்கி, பாதி சோடா. சாமர்செட் மாம் 1926இல் வெளியிட்ட 'கேசுவரினா மரம்' முதலிய கதைத் தொகுதிகளில் மலாயாத் துரைமார் மாலைதோறும் இதனையே கேட்டு வாங்குகின்றனர். சோடா வேண்டியதாயிற்று, வெப்பத்தால். பனிக்கட்டியும் வேண்டியதாயிற்று, அதே காரணத்தால். ஆனால் குளிர் மணத்தை அடக்கும் என்பது மூக்குள்ள எவரும் அறிந்தது. பன்னிரண்டு ஆண்டு பீப்பாயில் சேர்த்த மணத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் குளிரால் பூட்டிவிட்டு, மன்றத்துத் திண்ணையில் அமர்ந்து அவர்கள் குடித்தது என்ன? தங்கள் நாட்டை, தங்கள் இனத்தாரின் கூட்டத்தை, பகலெல்லாம் தோட்டத்தில் தனித்து நின்ற ஒருவனுக்கு மாலையில் கிடைக்கும் ஓர் உறவை. ஆகவே சுவைக்காகவன்றி மதிப்புக்காகக் குடித்தல் என்பது தமிழர் தாமாகக் கண்டுபிடித்த குற்றமன்று.

அம்மதிப்பு தோட்டத்துக்குள் இறங்கியது கண்வழியாக. புட்டியில் நடந்துவரும் மனிதனின் படத்தை 1908இல் வரைந்தவர் டாம் பிரவுன் என்னும் ஓவியர். உயர்ந்த தொப்பி, சிவந்த மேலங்கி, முழங்கால் வரை ஏறிய காலணி, கையில் கோல், நிமிர்ந்த நடை. ஸ்காட்லாந்தில் அது ஒரு கனவானின் உல்லாச நடையாகத் தோன்றியிருக்கலாம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்ற தொழிலாளிக்கு, தொப்பியோடும் கோலோடும் காலணியோடும் வரும் ஒருவரைத் தெரியும். பங்களாவில் வேலை செய்த சமையற்காரரும் தோட்டக்காரரும் வெளியே கொண்டுவந்த வெறும்புட்டிகளில் அவர் படமே ஒட்டியிருந்தது. அப்புட்டி எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் கலமாயிற்று. சதுர வடிவினதாகலின் நெருக்கமாக அடுக்கலாம். கண்ணாடி கனமாகலின் எளிதில் உடையாது. பொருள் வருமுன் அதன் கூடு வந்து லயத்தில் குடியேறிற்று. சுவை வருமுன் மதிப்பு வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இனி, கள். கெடாத் தோட்டங்களில் விற்றது தென்னங்கள். பாளையைச் சீவிக் கலயம் கட்டி இறக்கும் பதநீர், காற்றிலுள்ள ஈஸ்ட்டினால் சில மணி நேரத்திலேயே நொதிக்கத் தொடங்கும். சாராயம் பெரும்பாலும் 4 முதல் 6 விழுக்காடு. விஸ்கியிலோ 40 விழுக்காடு. காலையில் இனிப்பும், நண்பகலில் இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும் ஒரு குறுகிய நேரமும், மாலையில் கடும் புளிப்பும், மறுநாள் காடியும் என்று ஒரே நாளில் அது முழு ஆயுளையும் வாழ்ந்து முடித்துவிடும். ஆகவே கள்ளின் சுவை மரத்தையும் மணியையும் விற்பவரின் நேர்மையையும் பொறுத்தது. தொழிலாளி கடைக்கு வந்தது வேலை முடிந்த பின். அவன் கலயத்துக்கு வந்தது பெரும்பாலும் புளிப்பேறிய கள். கள்ளின் நல்ல வேளையை அவனுக்கு விடாத ஓர் ஏற்பாட்டில் இருந்துகொண்டே, 'கூலிக்காரனின் நாவுக்குப் புளிச்ச கள்ளே போதும்' என்று சொல்லப்பட்டது. பீப்பாயில் பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பதைச் சுவைநுட்பம் என்பர்; பாளையின் அடியில் தகுந்த மணிக்குக் காத்திருப்பதும் அதுவே. முன்னதற்குத் தரம் பிரிக்கும் சொற்கள் நூறு உண்டு. பின்னதற்கு மலாயாவில் ஒருவரும் ஒரு சொல் தேடவில்லை.

பழந்தமிழில் அச்சொற்கள் இருந்தன என்பது இங்கே நினைக்கத்தக்கது. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி என்று பிரித்துப் பெயரிட்ட மொழி இது. தெளிந்தது தேறல்; அரிசியிலிருந்து வீட்டிலேயே செய்தது தோப்பி. மலைவாணர் மூங்கிற் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறலைச் சங்கப் புலவர் புகழ்கின்றனர். பீப்பாயின் கொள்கை இதனினும் வேறன்று. அயல்நாட்டு மதுவின் மதிப்பையும் அவர்கள் அறிவர். யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் பெறும் பாண்டியனைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் காட்டுகிறார். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழ்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல் கிடைத்தது. பட்டினப்பாலை புகாரில் வந்திறங்கிய பொருள்களுள் காழகத்து ஆக்கத்தையும் சேர்க்கிறது; அதைக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரைத்தார். அக்கடாரமே கெடா என்பது பலரும் ஏற்றது. யவனர் மதுவைக் கொண்டாடிய அதே தொகைநூலில், சிறிதளவு கள் கிடைத்தால் அதைத் தமக்கே ஈந்த அதியமானை ஔவையார் அழுது பாடுகிறார். அயல் தேறலும் ஊர்க் கள்ளும் ஒரே அவையில் மதிப்புப் பெற்ற காலம் அது.

ஆனால் இதனைச் சொல்லிக் கள்ளுக்குப் பரிந்து பேசிவிட்டால், கெடாவின் வரலாறு வாயை மூடும். தோட்டத்துக் கள்ளுக்கடை அரசின் அனுமதியோடு, தொழிலாளியின் குடியிருப்பை ஒட்டி நின்றது. கூலி ஒரு கையில் வந்து மறு கையில் போவதற்கு அதைப் போன்ற வசதி வேறில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்து வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின் அக்குரல் கெடாவில் உரத்து எழுந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. சயாம் மரண ரயில் பாதையும் பஞ்சமும் கண்ட அத்தலைமுறை, தன்மானத்தின் முதற்படியாகக் குடியை விடுவதைக் கொண்டது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடைக்கு எதிரான மறியலில் போலீசாரோடு மோதல் நேர்ந்து, தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். சில நாளில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் மற்றொருவர் மாண்டார்.

அம்மறியலில் நின்றவர்கள் கள்ளின் சுவையை எதிர்த்து நிற்கவில்லை. கள்ளுக்கடையின் இடத்தை எதிர்த்து நின்றார்கள். துரை விரும்பினால் குடிப்பான், விரும்பாவிடில் விடுவான். அவன் மதுவைத் தேடிச் செல்வான். தொழிலாளியிடமோ மது தானே வந்து வாயிலில் நிற்கும். இவ்வேறுபாட்டைத் தொண்டர் படை கண்டது. மன்றத்துத் திண்ணையில் ஸ்தெங்கா அருந்தியபடி கூலிகளின் குடிப்பழக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்ட பெரியோர் கண்டிலர். திருவள்ளுவர் புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே வைத்தார். அவ்வதிகாரம் தொடங்குவதே, குடியை விரும்புவோரைப் பகைவர் அஞ்சார், அவர் பெற்ற புகழும் போகும் என்ற கருத்தோடுதான். கள் மதிப்பைப் பறிக்கும் என்பது வள்ளுவர் கண்ட முதற்கேடு. 1947இல் பீடோங் தெருவில் நின்றவர்கள் காக்க முயன்றதும் அதனையே.

கேடு யாதெனின், அம்முயற்சி கள்ளிலிருந்து பறித்த மதிப்பு தண்ணீருக்குச் செல்லவில்லை. பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களிலிருந்து வெளியேறியவர்கள் சுங்கைப்பட்டாணியின் வரிசை வீடுகளுக்கும், 1996இல் தோன்றிய கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் வேலைகளுக்கும் வந்து சேர்ந்தனர். துரையில்லாத காலத்தில் துரையின் புட்டி கைக்கு எட்டியது. 1987இல் கெடாவின் லங்காவித் தீவு தீர்வையில்லாத் தீவாக அறிவிக்கப்பட்டபின், கோலக்கெடாப் படகுத்துறையில் இறங்கி வருவோரின் பையில் கறுப்பு லேபிலும் சிவாஸ் ரீகலும் இருப்பது இயல்பாயிற்று. அது திருமண வீட்டில் மாப்பிள்ளைத் தோழருக்குக் காட்டப்படும். பணி ஓய்வு பெறும் கிராணிக்குப் பரிசாகும். முனியாண்டி சன்னிதியில் சுருட்டோடு கள் வைத்த இடத்தில் சிலர் விஸ்கியும் வைப்பர். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் திறவாமல் நிற்கும் புட்டி ஒன்று உண்டு. கண்ணாடிக்குள் விஸ்கி முதிர்வதில்லை. பீப்பாயை விட்டு வெளிவந்த அன்றே அதன் வளர்ச்சி நின்றுவிடும் என்பதை அவ்வீட்டார்க்கு யாரேனும் சொல்வது நலம். திறந்து, சிறிது நீர் விட்டு, பனிக்கட்டியின்றி முகர்ந்து, புகைக்கொட்டகை வாசம் வருகிறதா என்று முதியவர் ஒருவரைக் கேட்டால், அப்புட்டி முதன்முறையாகத் தன் விலைக்குரிய வேலையைச் செய்ததாகும்.

இதுவரை சொன்னது வாங்க முடிந்தவரைப் பற்றியது. வாங்க இயலாதவருக்கு அந்த மதிப்பின் நிழல் விற்கப்பட்டது. சம்சு என்னும் மலிவுச் சாராயம் சிறு புட்டிகளில், தோட்டத்தை அடுத்த மளிகைக் கடைகளில் பற்றுக் கணக்கிலும் கிடைத்து வந்தது. கில்மார்னாக் மளிகைக்காரர் கலவையால் பேர் பெற்றார். இங்கே மளிகைக் கடை கடனால் குடி வளர்த்தது. அப்புட்டிகள் பலவற்றின்மேல் விஸ்கி, பிராந்தி என்ற பெயர்களும் பொன்னெழுத்தும் கேடயமும் கிரீடமும் இருந்தன. உள்ளே பீப்பாயும் இல்லை, ஆண்டும் இல்லை. வடித்த சாராயத்தில் நிறமும் வாசனையும் சேர்த்திருந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இச்சம்சுவுக்கு எதிராகப் பல்லாண்டு எழுதியும் பேசியும் வந்தது. துரையின் பானத்துக்கு ஊர் வழங்கிய மதிப்பே இந்தச் சரக்கின் மூலதனம். கள்ளின் 5 விழுக்காட்டை இகழ்ந்து விட்டவன், அதனினும் பன்மடங்கு வலிய ஒன்றை 'விஸ்கி' என்ற பெயரால் கௌரவமாகக் குடித்தான்.

சுவை அறிந்தவன் இதிலிருந்து தப்புவான் என்று நினைப்பதும் பிழை. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர், முன்னொருகால் தமிழன் நின்ற இடத்தில் நின்றவர்கள். மெத்தனாலுக்கும் குடிக்கும் சாராயத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாவோ மூக்கோ நம்பத்தக்க முறையில் காட்டித்தராது. ஐலாவின் புகையையும் ஷெரிப் பீப்பாயின் பாகையும் பிரித்தறியும் கலவையாளரின் மூக்கும் அங்கே கைவிடும். உடலுக்குள் சென்றபின் மெத்தனால் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைத் தாக்குகிறது. ரப்பர்ப் பாலை உறையவைக்கத் தோட்டங்களில் ஊற்றிய அமிலம் அதுவே. நெடி பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றியவர்கள் இன்னும் கூலிமிலும் பீடோங்கிலும் இருக்கிறார்கள்.

2016இல் திருத்தி 2017 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த உணவு விதிகள், மது வாங்கும் வயதை 18இலிருந்து 21க்கு உயர்த்தின. சம்சு வகைச் சரக்கை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் புட்டியில்தான் அடைக்கவேண்டும் என்றும் விதித்தன. சட்டைப்பையில் மறையும் சிறு புட்டி அதனோடு சட்டத்துக்குப் புறம்பாயிற்று. புட்டியின்மேல் எழுதப்படும் பெயரைப் பற்றி, 1909இல் லண்டனில் நடந்ததைப் போன்ற ஒரு விசாரணை இங்கே நடைபெறவில்லை.